பெரிய டயர் போட்ட பிறகு வேகமானியை நேர்செய்வது எப்படி

டயரை மாற்றிய கையோடு திருத்தக் கருவியைத் தேடி ஓடாதீர்கள். முள் எவ்வளவு தவறுகிறது, எந்தப் பக்கம் தவறுகிறது, எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் தவறுகிறதா என்ற மூன்று விவரங்களும் கையில் சேரும் வரை ஸ்பேனரைத் தொட வேண்டாம். இந்த வரிசையை மாற்றிச் செய்ததால் நான் வேகத்தை எண்ணும் ஒரு நல்ல சென்சாரைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் போட்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் டிரக் மலைப்பாதைக்கும் சேற்றுக்கும் என்றே நான் வைத்திருக்கும் நான்கு சக்கர இயக்க வண்டி. தொழிற்சாலையிலிருந்து 235/70 ஆர் 16 டயருடன் வந்தது. சஸ்பென்ஷனை 2 அங்குலம் உயர்த்தி 265/75 ஆர் 16 சேற்று டயர்களைப் போட்டேன். முதல் நெடும்பயணத்தில் முள் 80-இல் நின்றுகொண்டிருந்தபோது, சாலையோரத்தில் வேகம் காட்டும் ரேடார் பலகை 84 என்றது. நான்கு கிலோமீட்டர்தானே என்று விட்டுவிடத் தோன்றும். விடக் கூடாது. கனமான பெரிய டயர்களும் உயர்ந்த உடலும் கொண்ட வண்டி பழைய தூரத்தில் நிற்காது. வளைவில் பழையபடி ஒட்டிப் போகாது. அந்த வண்டியிலேயே மீட்டர் வேகத்தைக் குறைத்துச் சொன்னால் ஓட்டுநரின் கணிப்பு இரண்டு பக்கமும் தவறிவிடுகிறது.

சட்டமும் இந்தத் திசையைத்தான் கண்டிப்பாகப் பார்க்கிறது. பல நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கும் ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன ஒழுங்குமுறையின்படி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், ஆனால் அந்த மிகை, உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்குடன் 4 கி.மீ. சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது. உண்மையில் 80-இல் போகும் வண்டியின் முள் 80 முதல் 92 வரை எங்கும் நிற்கலாம். 79-இல் நிற்கக் கூடாது. அதனால் தயாரிப்பாளர்கள் முள்ளை வேண்டுமென்றே சற்று மிகையாக வைத்து அனுப்புகிறார்கள். இந்தச் சிறிய மிகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திருத்த வேலையில் பலரும் குழம்புவது இதை மறப்பதால்தான்.

முதலில் காகிதக் கணக்கு

265/75 ஆர் 16 என்றால் டயரின் அகலம் 265 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 விழுக்காடு. ரிம் 16 அங்குலம். பக்கச் சுவர் 198.75 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச் சுவர்கள், 397.5. ரிம் 16-ஐ 25.4-ஆல் பெருக்கினால் 406.4. இரண்டையும் கூட்டினால் விட்டம் 803.9 மி.மீ. பழைய 235/70 ஆர் 16-க்கு இதே வழியில் 735.4 மி.மீ. வருகிறது. பெரியதைச் சிறியதால் வகுத்தால் 1.093. அதாவது சக்கரம் ஒரு முறை சுற்றும்போது வண்டி முன்பைவிட 9.3 விழுக்காடு அதிகத் தூரம் போகிறது. மீட்டருக்கு அது தெரியாது. அது சுற்றுகளை மட்டுமே எண்ணுகிறது.

இந்த எண் ஒரு தொடக்கம் மட்டுமே. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவும் உண்மை அளவும் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். பாரம் ஏறிய டயர் தரையில் அமுங்கி உருள்வதால், விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி வரும் தூரத்தை அது கடப்பதில்லை. ஏறத்தாழ 3 விழுக்காடு குறைவாகவே கடக்கும். எனவே தரையில் அளந்துவிடுவது நல்லது.

சமதளமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்துங்கள். வழக்கமாக ஏற்றும் பாரம் ஏற்றி, வழக்கமான காற்றழுத்தம் வைத்து, முன்சக்கரத்தின் பக்கச் சுவரில் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். தரையிலும் அதற்கு நேராக ஒரு கோடு. ஒருவர் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி வண்டியை மிக மெதுவாக நகர்த்த, இன்னொருவர் பக்கவாட்டில், வண்டியின் பாதையை விட்டு விலகி நடந்து, சக்கரக் கோடு ஐந்தாம் முறை கீழே வரும்போது நிறுத்தச் சொல்ல வேண்டும். தரையில் மறு கோடு போட்டு இடைத்தூரத்தை அளவு நாடாவால் அளந்து ஐந்தால் வகுங்கள். எனக்கு 12.25 மீட்டர் வந்தது. ஒரு சுற்றுக்கு 2.45 மீட்டர். பிறகு பழைய அளவிலேயே இருந்த ஸ்டெப்னியை அதே முன்சக்கரத்தில் மாட்டி மறுபடி அளந்தேன். 11.21 மீட்டர், சுற்றுக்கு 2.242. விகிதம் மறுபடியும் 1.093. காகிதமும் தரையும் ஒத்துப்போனது எனக்குக் கிடைத்த வாய்ப்பு. உங்களுக்கு ஒரு விழுக்காடு விலகினால் தரையை நம்புங்கள்.

ஒரு குறுக்குவழியைத் தவிருங்கள். அச்சின் மையத்திலிருந்து தரைவரை அளந்து, அதை ஆரமாக வைத்துச் சுற்றளவு கணக்கிடச் சிலர் சொல்வார்கள். ரேடியல் டயரின் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டையின் நீளம் மாறுவதில்லை. டயர் அமுங்கினாலும் அந்தப் பட்டை முழுதும் தரையில் உருண்டுதான் ஆக வேண்டும். எனவே அந்த ஆரம் தரும் சுற்றளவு உண்மையைவிடக் குறைவாக இருக்கும். மணலுக்காகக் காற்றைக் குறைக்கும்போது வண்டி தாழ்ந்தாலும் மீட்டர் பெரிதாக மாறாததற்கும் இதுவே காரணம்.

முள்ளையும் ஓடோமீட்டரையும் தனித்தனியே சோதியுங்கள்

நேரான, சமமான, நெரிசல் இல்லாத சாலை வேண்டும். ஜி.பி.எஸ். வேகத்தை ஓட்டுநர் படிக்கக் கூடாது. பக்கத்தில் அமர்ந்தவர் படித்து எழுத வேண்டும். எனக்கு என் மகள் எழுதினாள். வேகத்தைக் குறைந்தது பத்து வினாடி ஒரே நிலையில் வைத்த பிறகே எண்ணைக் குறிக்கவும். வேகம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஜி.பி.எஸ். சற்றுப் பிந்தும், அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் குறுகிய பள்ளத்தாக்கிலும் தடுமாறும். ஜி.பி.எஸ். இல்லாதவர்கள் கிலோமீட்டர் கற்களையும் நிறுத்துக் கடிகாரத்தையும் பயன்படுத்தலாம். ஒரு கிலோமீட்டருக்கு ஆன வினாடிகளால் 3600-ஐ வகுத்தால் வேகம் கிடைக்கும். 60 வினாடி என்றால் 60 கி.மீ.; 57 வினாடி என்றால் 63.

எங்கள் குறிப்பேட்டில் விழுந்தவை: முள் 40 காட்டும்போது உண்மை 42, 60-இல் 63, 80-இல் 84, 100-இல் 105. எல்லா இடத்திலும் 5 விழுக்காடு. ஒரே விகிதம் என்பது நல்ல செய்தி. சென்சாரும் ஒயரும் மீட்டரும் நலமாக இருக்கின்றன, கணக்கு மட்டுமே மாறியிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

ஆனால் டயர் 9.3 விழுக்காடு பெரிது. மீட்டர் 5 விழுக்காடு மட்டும் ஏன் குறைத்துக் காட்டுகிறது? இந்த இடத்தில் நான் ஒரு மாலை முழுவதும் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடை பழைய பக்கத்தில் இருந்தது. டயர் மாற்றும் முன் இதே சாலையில் ஒரு முறை பார்த்திருந்தேன்: முள் 80, உண்மை 77. அதுதான் தொழிற்சாலை வைத்த மிகை. 77-ஐ 1.093-ஆல் பெருக்கினால் 84. புதிய டயரின் தவற்றில் பாதியை அந்த மிகை விழுங்கியிருந்தது.

இப்போது ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரைப் பாருங்கள். அதில் பொதுவாக இந்த மிகை இருப்பதில்லை. பழைய கேபிள் மீட்டர்களிலும் அப்படித்தான்: முள்ளை ஒரு சுழலும் காந்தம் இழுக்கிறது, மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்கிறது, ஓடோமீட்டரையோ பல்சக்கரங்கள் நேரடியாகச் சுற்றுகின்றன. கிலோமீட்டர் கற்களை வைத்து 20 கி.மீ. ஓட்டிப் பார்த்தேன். என் ஓடோமீட்டர் 18.3 காட்டியது. 20-ஐ 18.3-ஆல் வகுத்தால் 1.093. டயர் விகிதம் அப்படியே.

இதிலிருந்துதான் என் உறுதியான பரிந்துரை. முள்ளை ஜி.பி.எஸ்.ஸுடன் ஒட்டவைக்கத் திருத்தாதீர்கள். டயர் விகிதத்துக்குத் திருத்துங்கள். 5 விழுக்காடு திருத்தினால் முள் சரியாகத் தெரியும், ஓடோமீட்டர் 4 விழுக்காடு குறைவாகவே ஓடும், பாதுகாப்பு மிகையும் போய்விடும். முள் சற்றுத் தளர்ந்தாலும் நீங்கள் கோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று தெரியாது. 9.3 விழுக்காடு திருத்தினால் ஓடோமீட்டர் உண்மையைச் சொல்லும், முள் தொழிற்சாலையில் இருந்த இடத்துக்கே திரும்பும். நாம் கெடுத்ததை மட்டும் நாம் சரிசெய்கிறோம்.

ஓடோமீட்டர் தவற்றை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம். என் வண்டியில் 10,000 கி.மீ. என்று பார்த்து எண்ணெய் மாற்றினால் அது உண்மையில் 10,930. எரிபொருள் கணக்கும் அப்படியே கெடும். 60 லிட்டரில் 500 கி.மீ. காட்டினால் லிட்டருக்கு 8.3, உண்மையில் ஓடியது 546, லிட்டருக்கு 9.1. பெரிய டயர் எரிபொருளைக் கூடுதலாகக் குடிப்பது உண்மைதான். ஆனால் புலம்பும் முன் அந்தக் குறைவில் எவ்வளவு வெறும் கணக்குப் பிழை என்று பாருங்கள்.

அந்த எண் எங்கே பிறக்கிறது

அடுத்து, உங்கள் வண்டியில் வேகத்தை எந்த இடத்தில் எண்ணுகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்தும் பார்க்கலாம். இது தெரியாமல் செய்யும் எந்தத் திருத்தமும் குருட்டுத் திருத்தம்.

கியர்பாக்ஸின் அல்லது டிரான்ஸ்ஃபர் கேஸின் (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) வெளியேறும் தண்டில் எண்ணினால், அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டும் கணக்கைப் பாதிக்கும்: கிரவுன்-பினியன் (அச்சில் தண்டின் சுற்றைக் குறைத்துச் சக்கரங்களுக்குத் தரும் பல்சக்கர இணை) விகிதமும் டயரும். சக்கர ஹப்பில் உள்ள ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார்களிலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டிகளில் டயர் மட்டுமே பாதிக்கும்; கிரவுன்-பினியனை எப்படி மாற்றினாலும் மீட்டருக்குத் தெரியாது. சில டிரக்குகளில் பின் டிஃபரன்ஷியலுக்குள் (விசையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் பல்சக்கரக் கூடு) கிரவுன் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பல்வளையத்தை எண்ணுகிறார்கள். அந்த வளையமும் சக்கர வேகத்திலேயே சுற்றுவதால் விகித மாற்றம் அதையும் பாதிக்காது. ஆனால் கிரவுன் மாற்றும்போது வளையத்தைக் கோணலாகப் பொருத்திவிட்டால் முள் ஆடத் தொடங்கும்.

சென்சார் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு முன்னால் இருந்தால் இன்னொரு நுணுக்கம் உண்டு. லோ ரேஞ்சில், அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸின் மெதுவான பல்சக்கரத்தில், தண்டு வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாகப் போகும்; எனவே கணினி லோ ரேஞ்ச் சுவிட்சைப் பார்த்துத் தெரிந்த விகிதத்தால் வகுத்துக்கொள்கிறது. அந்த விகிதம் 2.72 என்று அதற்குத் தெரிந்திருக்க, நீங்கள் 4-க்கு 1 பல்சக்கரம் போட்டிருந்தால், லோ ரேஞ்சில் மட்டும் முள் ஏறத்தாழ 47 விழுக்காடு கூட்டிக் காட்டும். ஹை ரேஞ்சில் எல்லாம் சரியாக இருந்து லோவில் மட்டும் பொய்த்தால் முதலில் இதையும் அந்தச் சுவிட்சையும் பாருங்கள்.

பழைய கைமாறிய டிரக் என்றால் கிரவுன்-பினியன் விகிதம் என்ன என்றே தெரியாமல் இருக்கலாம். சமதளத்தில் மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். லாக்கர் (இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் அமைப்பு) இல்லாத சாதாரண டிஃபரன்ஷியல் என்றால், தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றும்போது ஓட்டத்தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். மூன்றே முக்காலை ஒட்டி வந்தால் 3.73, நான்கையும் சற்றுத் தாண்டி வந்தால் 4.10.

இப்போது நான் செய்த தவறு. முதல் ஆண்டில் சென்சாருக்கும் கணினிக்கும் இடையே கேலிபிரேட்டர் எனப்படும் சிறு மின்னணுப் பெட்டியைப் பொருத்தி 9.3 விழுக்காடு கூட்டினேன். மீட்டர் சரியானது. அடுத்த ஆண்டு, ஏற்றத்தில் இன்ஜின் திணறுகிறது என்று இரண்டு அச்சுகளிலும் 3.73-ஐ எடுத்துவிட்டு 4.10 போட்டேன். அதன் பிறகு முள் 80 காட்டும்போது ஜி.பி.எஸ். 70 காட்டியது. நான் உடனே சென்சாரைச் சந்தேகித்தேன். கழற்றித் துடைத்தேன், பிறகு புதியது வாங்கிப் போட்டேன். 70 மாறவில்லை. இரண்டு வார இறுதிகள் போயின. மூன்றாவது வாரம் குறிப்பேட்டைத் திறந்து வகுத்துப் பார்த்தபோது தெளிந்தது. 4.10-ஐ 3.73-ஆல் வகுத்தால் 1.099. என் வண்டியில் எண்ணும் இடம் டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளியேறும் தண்டு. பெரிய டயரால் குறைந்த சுற்றுகளைப் புதிய விகிதமே 9.9 விழுக்காடு கூட்டி ஈடுசெய்துவிட்டது. பெட்டி அதற்கு மேலும் 9.3 சேர்த்துக்கொண்டிருந்தது. பெட்டியைக் கழற்றியதும் முள் 80, உண்மை 77. தொழிற்சாலையில் இருந்த அதே இடம்.

தவறு எல்லா வேகத்திலும் ஒரே விகிதமாக இருந்தபோதே சென்சார் குற்றமற்றது என்று நான் உணர்ந்திருக்க வேண்டும். கெட்டுப்போகும் சென்சார் சீராகப் பொய் சொல்லாது, விட்டுவிட்டுச் சொல்லும்.

விகிதம் சீராக இல்லை என்றால்

எல்லா வேகத்திலும் ஒரே எண்ணிக்கை கூடுதல் என்றால், எடுத்துக்காட்டாக 30 காட்டும்போது 23, 60-இல் 53, 90-இல் 83 என்றால், அது விகிதத் தவறு அல்ல; முள் தன் அச்சில் இடம் மாறியிருக்கிறது. மீட்டரைத் திறந்து விளக்கு மாற்றியவர்களின் வண்டியில் இது நடக்கும். கணினியில் எதையும் மாற்றாதீர்கள். முள்ளை எடுத்துச் சரியான இடத்தில் பொருத்த வேண்டும், அவ்வளவுதான்.

கேபிள் வண்டியில் முள் மேலும் கீழும் துள்ளினால் கேபிள் வறண்டிருக்கும் அல்லது எங்கோ கூர்மையாக வளைந்திருக்கும். உடலை உயர்த்திய வண்டிகளில் பழைய கேபிள் இழுபட்டு இப்படி ஆகிறது. உள்கம்பியை உருவித் துடைத்து, மெலிதாகக் கிரீஸ் தடவி, மீட்டர் பக்கத்துக் கடைசி ஓரிரு அங்குலத்தை வறட்சியாக விட்டுப் பொருத்துங்கள். கிரீஸ் மீட்டருக்குள் போனால் மீட்டர் போய்விடும். கேபிள் சரியான எண்ணிக்கையில் சுற்றுகிறதா என்றும் பார்க்கலாம். பல ஜப்பானிய வண்டிகளில் ஒரு கிலோமீட்டருக்கு 637 சுற்று. மைல் கணக்கில் செய்த பலவற்றில் ஒரு மைலுக்கு 1000 சுற்று. பல மீட்டர்களின் முகப்பிலேயே அந்த எண் சிறியதாக இருக்கும். மீட்டர் பக்கத்து முனையைக் கழற்றி, உள்கம்பியில் ஒரு துண்டு நாடாவைக் கொடிபோல ஒட்டி, வண்டியை மெதுவாகத் தள்ளுங்கள். 637 சுற்று மீட்டர் என்றால் 15.7 மீட்டரில் கொடி பத்துச் சுற்று சுற்ற வேண்டும். ஒன்பதேகால்தான் சுற்றுகிறது என்றால் குற்றம் மீட்டரில் இல்லை, கீழே இருக்கிறது.

மின்சென்சார் வண்டிகளில் முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால் ஒயரிலிருந்து தொடங்குங்கள். சட்டகத்தைத் தூக்கிச் சக்கரங்களை முழுதாகத் தொங்கவிட்டு, ஒவ்வொரு சக்கர சென்சார் ஒயரும் இறுகி நிற்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். லிஃப்ட் கிட் போட்டபோது பிரேக் குழாய்க்கு நீட்டிப்பு வைத்து, இந்த ஒயரை மறந்துவிட்டவர்கள் அதிகம். தரையில் நிற்கும்போது அது தளர்வாகத்தான் தெரியும். பாறையில் சக்கரம் தொங்கும் நொடியில் அறுபடும். உடலைச் சட்டகத்திலிருந்து உயர்த்தியிருந்தால் எர்த் பட்டைகளையும் பாருங்கள்.

வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே முள் அசைந்தால் அது இரைச்சல். என் வண்டியில் முன்விளக்குப் பட்டையைப் போட்டதும் நின்ற இடத்தில் முள் 10-ஐச் சுற்றி நடுங்கியது. அந்த விளக்கின் மின்கம்பியை நானே சென்சார் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். பிரித்து மறுபக்கமாகக் கொண்டுபோனதும் நின்றது.

சென்சாரைச் சோதிக்கும் முன் அதன் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு ஒயருடைய காந்தச் சுருள் வகையில் ஓம் அளவைக் கையேட்டுடன் ஒப்பிடலாம். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது மல்டிமீட்டரில் சிறிய ஏ.சி. மின்னழுத்தம் எழ வேண்டும். இந்த வகையின் முனைக்கும் பல்வளையத்துக்கும் இடைவெளி கூடினால் மெதுவேகத்தில் மின்குறிப்பு (சிக்னல்) எழாது. 15, 20 கி.மீ. தாண்டிய பிறகே முள் விழித்துக்கொள்ளும். முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தாலும் தடுமாறும். மூன்று ஒயருடைய ஹால் வகையில் மின்சாரம் வருகிறதா, எர்த் சரியா, சிக்னல் ஒயரின் மின்னழுத்தம் மேலும் கீழும் மாறுகிறதா என்று பாருங்கள். புதிய வண்டிகளின் ஏ.பி.எஸ். சென்சார்கள் பல இரண்டு ஒயரோடு இருந்தாலும் உள்ளே மின்னணுச் சுற்று கொண்டவை. அவற்றை ஓம் அளவில் வைத்துச் சோதிக்காதீர்கள். அவற்றின் காந்த வளையம் சில வண்டிகளில் ஹப் பேரிங்கின் சீலிலேயே இருக்கும். பேரிங் மாற்றியபோது பக்கம் மாற்றி அடித்திருந்தால் சென்சாருக்கு எதுவும் தெரியாது.

திருத்தும் வழிகள்

கேபிள் வண்டிகளிலும், ஜீப் ராங்ளர் டி.ஜே. போலப் பல்சக்கரத்தின் மேல் மின்சென்சாரை வைத்த வண்டிகளிலும் சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்றுவதே நேர்மையான வழி. பழைய பல் எண்ணிக்கையைப் பழைய டயர் விட்டத்தால் பெருக்கிப் புதிய விட்டத்தால் வகுங்கள். கிரவுன்-பினியனையும் மாற்றியிருந்தால் புதிய விகிதத்தால் பெருக்கிப் பழையதால் வகுங்கள். 34 பல் இருந்த இடத்தில் என் டயர்களுக்கு மட்டும் என்றால் 31 வரும். பெரிய டயருக்குக் குறைந்த பல். அப்போதுதான் அது வேகமாகச் சுற்றும். டி.ஜே.யில் பல்சக்கரத்தைப் பிடிக்கும் கூட்டைப் பல் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருப்பி வைக்க வேண்டும். கூட்டின் மேலேயே எண் வரம்புகள் பொறித்திருக்கும். திருப்பாமல் வைத்தால் புதுப் பல்சக்கரம் சில நாட்களில் மழுங்கிவிடும். ஓ-வளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள்.

கணினி வண்டிகளில் டயர் சுற்றளவோ அளவுப் பட்டியலோ கட்டுப்பாட்டுப் பெட்டியில் சேமிக்கப்பட்டிருந்தால், ஸ்கேன் கருவியால் மாற்றுவதே முதல் தேர்வு. அளந்த சுற்றளவைக் கேட்டால் தரையில் அளந்த எண்ணையே கொடுங்கள்.

இரண்டும் முடியாதபோதுதான் நான் முன்பு சொன்ன கேலிபிரேட்டர் பெட்டி. எங்கே பொருத்துகிறீர்கள் என்பது முக்கியம். மீட்டருக்கு முன்னால் மட்டும் வைத்தால் மீட்டர் மட்டுமே சரியாகும். வேகத்தைத் தானே நிலையாக வைக்கும் குரூஸ் கட்டுப்பாடும் வேக வரம்பும் பழைய கணக்கிலேயே ஓடும். கணினிக்கு முன்னால் வைத்தால் எல்லாம் சேர்ந்து சரியாகும். ஆனால் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் எச்சரிக்கை: கியர்பாக்ஸின் உள்ளே நுழையும் வேகத்தையும் வெளியேறும் வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் கணினி கியர் வழுக்குகிறதா என்று பார்க்கிறது. வெளியேறும் வேகத்தை மட்டும் பெட்டி மாற்றிக் கொடுத்தால், நல்ல கியர்பாக்ஸையே பழுது என்று அது பதிவுசெய்யும். சக்கர ஏ.பி.எஸ். சிக்னல்களில் தனித்தனியாக எதையும் இடையில் சேர்க்கவே வேண்டாம். அது பிரேக் தொடர்பானது.

பெட்டிக்கு மைலுக்கு 8000 துடிப்பு அல்லது கிலோமீட்டருக்கு 2548 துடிப்பு என்பதுபோல ஓர் எண் தேவைப்படலாம். இரண்டாவது எண் 637 சுற்றை நான்கால் பெருக்கியது. உங்கள் வண்டிக்கு எது என்று கையேட்டில் பார்த்தே போடுங்கள்.

திருத்திய பிறகு அதே சாலையில், அதே வேகங்களில் மறுபடி எழுதுங்கள், 20 கி.மீ. கல் சோதனையையும் செய்யுங்கள். ஒரு விழுக்காட்டுக்குள் வந்தால் நிறுத்திவிடலாம். புதிய சேற்று டயரின் பூ 10 மி.மீ. தேயும்போது விட்டம் 20 மி.மீ. குறைகிறது, என் டயரில் அது 2.5 விழுக்காடு. இன்று தசம புள்ளிக்குத் திருத்தினாலும் டயரின் ஆயுளில் பாதிக்கூட அது நிற்காது. தேயும்போது முள் பாதுகாப்பான பக்கமாகவே நகரும்.

என் வண்டியின் ஓட்டுநர் கதவின் உட்புறத்தில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறேன். டயர் 265/75 ஆர் 16, சுற்றளவு 2.45 மீட்டர், கிரவுன்-பினியன் 4.10, பெட்டி கழற்றப்பட்டது, முள் 80 என்றால் உண்மை 77. அதற்குக் கீழே, பெரிய டயர் போட்ட நாளில் ஓடோமீட்டரில் இருந்த எண்ணும், திருத்தம் செய்த நாளில் இருந்த எண்ணும், இடைப்பட்ட தூரத்தை 1.093-ஆல் பெருக்கிப் படிக்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கின்றன. என்றாவது வண்டியை விற்றால் அந்த அட்டையும் அதோடு போகும்.